எரிமலை அறையில் என் வேலை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. நாயிடம் பயமில்லை, பாம்பிடம் பயமில்லை, மேலதிகாரியிடமும் அவ்வளவாகப் பயமில்லை. தரை ஆடினால் மட்டும்தான் பயம். ஆனால் நான் பிறந்து வளர்ந்து பிழைக்கும் தீவில் தரை அடிக்கடி ஆடும். பெரும்பாலும் செய்தியில் வராத அளவுக்குச் சின்ன ஆட்டம்தான். கட்டில் கிறீச்சிடும், மின்விசிறி ஒருபக்கமாகச் சாய்ந்து சுற்றும், அவ்வளவே. எங்கள் ஊரான பாம்பூஃப்ளாட்டில் அக்கம்பக்கத்தார் "ஹில்ரா ஹை" என்று இந்தியில் சொல்லிக்கொண்டு, அதாவது ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டு, அடுப்பைத் தணித்துவிட்டு நிதானமாக வாசலுக்கு வருவார்கள். நான் அதற்குள் மேட்டு ரோட்டில் நிற்பேன். காலில் செருப்பு இருக்காது. சில சமயம் கையில் கரண்டி இருக்கும்.

கணவருக்குத் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. மாதத்தில் பாதி நாள் நிக்கோபார் பக்கம் இருப்பார். வீட்டில் நானும் மகளும்தான். கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். தாய்ப்பாலோடு சேர்த்து இந்த ஓட்டத்தையும் ஊட்டிவிட்டேன் என்று கணவர் கேலி செய்வார். கேலிதான், ஆனால் உண்மை. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளியில் மாடி வகுப்பில் யாரோ பெஞ்சை இழுத்த சத்தத்துக்கு இவள் எழுந்து மைதானத்துக்கு ஓடிவிட்டாள். வகுப்பே ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்ததாம். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் ஃபெரியில் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பயம் என்னோடு போகட்டும், இவளுக்கு வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தேன். அதைவிடப் பெரிதாக எதற்கும் நான் அப்போது ஆசைப்படவில்லை.

எனக்கு வேலை, ஃபெரியில் கடந்து போகும் அக்கரையில், டெலானிபூர் ஏற்றத்தில் இருக்கும் ஒரு சின்ன ஓவியக் கூடத்தில். தீவுக்காரர்கள் வரைந்த படங்கள், செய்த சிற்பங்கள், நான்கு கூடங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் மெயின்லேண்டிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள். பார்க்கவேண்டியதெல்லாம் பார்த்து முடித்து, கப்பலுக்கோ விமானத்துக்கோ மீதி நேரம் இருக்கிறவர்கள். ஃபேனுக்கு அடியில் நிற்பார்கள், கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள், படங்களை நடந்துகொண்டே பார்ப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இரண்டாம் கூடத்தில் பாரன் தீவின் படம் ஒன்று இருக்கிறது. மனிதர் இல்லாத அந்த எரிமலைத் தீவைக் கப்பலில் கடந்து போகும்போது பார்த்த ஒருவர் வரைந்தது. கட்டில் அகலத்துக்குப் பெரிய படம். கறுத்த மலை, அதன் தோளில் ஒரு கீற்று நெருப்பு, கீழே ஒன்றும் அறியாத நீலக் கடல். அதன் முன்னால் நின்று தன் கைப்பேசியில் தன் முகத்தைப் பார்த்துத் தலைசீவிக்கொண்ட ஒரு பெண்மணியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் பொறுப்பாளர் மலையாளி. எங்களோடு இந்தியில்தான் பேசுவார். அவருக்கும் இந்த எரிச்சல் உண்டு. எழுதிப்போட்டு, அலைந்து, கடைசியில் சென்னையிலிருந்து ஒரு குழுவை வரவழைத்தார். அந்தப் படத்துக்குப் பக்கத்து அறையைக் கறுப்பாக அடைத்து, அதற்குள் படத்தையே உயிரோடு காட்டப்போகிறோம் என்றார்கள். சுவர் முழுக்க அந்த மலை, அந்தக் கடல். கூரையில் கேமராக்கள். தரையில் மரப்பலகை மேடை. பார்க்கிறவர்கள் அதன்மேல் ஏறி நிற்கவேண்டும். கையைத் தூக்கினால் கை போகும் பக்கமெல்லாம் மலையிலிருந்து புகை போகும். எல்லோரும் அசையாமல் உட்கார்ந்தால் மலை அடங்கி, கடல் தெளிந்து, எங்கிருந்தோ பறவைகள் வந்து சரிவில் உட்காரும். எல்லோரும் சேர்ந்து காலால் மிதித்தால் மலை வெடிக்கும்.

வெடிக்கும்போது மேடை அதிரும் என்பதை அவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. அதை ஒரு ஆச்சரியமாக வைத்திருந்தார்கள்.

முதல் முறை ஓட்டிப் பார்த்த அன்று ஊழியர் எல்லோரையும் மேடையில் ஏற்றி மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தோம். சுவரில் நெருப்பு கொட்டியது. காலடியில் பலகை உறுமியது. அடுத்த கணம் அறை காலி. நான் முதல் ஆள், காவலாளி இரண்டாவது, டீ கொண்டு வந்த பெங்காலிக்காரர் டம்ளர் தட்டோடு மூன்றாவது. ஒருவரும் கத்தவில்லை. தீவுக்காரர்கள் நாங்கள் கத்திக்கொண்டு நேரத்தை வீணாக்கமாட்டோம். நேராக வெளியே, அங்கிருந்து மேட்டுக்கு, மேட்டில் நின்று கடலைத் திரும்பிப் பார்த்தோம். குழுவின் தலைவி என் வயதுடைய இன்ஜினியர். பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"என்னாச்சுக்கா? யாருக்காவது ஷாக் அடிச்சிருச்சா?"

"ஷாக்தான்மா," என்றேன்.  

அவளுக்குப் புரியவைக்கப் பொறுப்பாளர்தான் வந்தார். புரிந்தபின் அவள் முகம் வாடிவிட்டது. அதிர்வைக் குறைத்தார்கள். ஆனால் எடுத்துவிடவில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு அதுதானே பிடிக்கும். அதற்குப் பதிலாக அறைக்கு ஒரு ஆளைப் போடுவது என்று முடிவாயிற்று. உள்ளே வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும், பயப்படுகிறவர்களைத் தேற்றவேண்டும். பொறுப்பாளர் என்னைத்தான் கைகாட்டினார். ஓடுகிறவர் மனசு எப்படி இருக்கும் என்று உனக்குத்தானே தெரியும் என்றார். ஒப்பந்த வேலை. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வசதியில்லை.

அப்படித்தான் தரை ஆடினால் உயிரை விடுகிறவள், நாளெல்லாம் தரை ஆடும் அறைக்குக் காவலானேன்.

வாசலில் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கும்பலுக்கும் சொல்வேன். "டரோ மத். மெஷின் ஹை. கோயி பாகேகா நஹி." பயப்படாதீர்கள், இது மெஷின், யாரும் ஓடக்கூடாது. சொல்லிவிட்டு மேடைக்கு வெளியே டைல்ஸ் தரையில் நின்றுகொள்வேன். பலகை உறுமும்போதெல்லாம் கால் தானாக வாசல் பக்கம் திரும்பும்.  முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டிவைத்திருப்பேன். முதல் வாரம் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். வாசலோரம் நாற்காலியில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி வைத்தேன். தரை ஆடுகிறதா, தலை சுற்றுகிறதா என்று சந்தேகம் வந்தால் நாங்கள் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்ப்போம். மேடை அதிரும்போது பாட்டில் தண்ணீர் அசையவில்லை என்றால் அது மெஷின். நாளுக்கு எத்தனை முறை அந்தத் தண்ணீரைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்த அறை வேலை செய்தது. மிதித்து, வெடிக்க வைத்து, கூத்தடித்துவிட்டு வெளியே வந்தவர்கள், அசல் படத்தின் முன்னால் போய் நின்றார்கள். நிஜமாகவே நின்றார்கள். அந்தக் கீற்று நெருப்பைக் கைகாட்டிப் பேசிக்கொண்டார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. என் நடுக்கத்துக்கு ஏதோ ஒரு பலன்.

மகளின் பள்ளி அங்கிருந்து கூப்பிடு தூரம். பள்ளி விட்டதும் கூடத்துக்கு வந்து, மூடும்வரை என்னோடு இருப்பாள்; பிறகு சேர்ந்து ஃபெரி பிடிக்கச் சாத்தம் ஜெட்டிக்குப் போவோம். முதல் நாள் அறைக்குள் கூட்டிப் போனபோது பலகை அதிர்ந்ததும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறினாள். சுற்றுலாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் போனபிறகு அவளைத் தனியாக மேடையில் ஏற்றினேன்.

"பாரு பாப்பா, நீ மிதிச்சாதான் ஆடும். மிதிக்காம உக்காந்தா நின்னுடும். உன் கையிலதான் இருக்கு."

அவள் ஒற்றைக் காலால் லேசாக மிதித்தாள். மலை புகைந்தது. நிறுத்தினாள். புகை நின்றது. சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு பறவை வந்தது, பிறகு நாலைந்து. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் அதுதான் விளையாட்டு. மூடும் நேரத்துக்கு யாரும் இல்லாதபோது மேடை நடுவில் உட்கார்ந்து பறவைகளைக் கூப்பிடுவாள். அவளைப்போல அசையாமல் உட்கார அங்கே யாராலும் முடியாது. மூக்கு அரித்தாலும் சொறியமாட்டாள்.

அந்த நாட்களில் வீட்டில் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது தரை ஆடியது. சின்ன ஆட்டம். நான் வழக்கம்போல வாசலைத் தாண்டி ஓடி, பிறகுதான் அவள் பின்னால் வரவில்லை என்று பார்த்தேன். உள்ளே தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் பிசைந்த சோறு, கண் மூடியிருந்தது. ஆட்டம் அடங்கியதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கப்பல் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். "உங்க மகளுக்குத் தைரியம் வந்துருச்சு. என்னை மாதிரி இல்ல." சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அவர், அப்பா தைரியம் அது என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் அவளுடைய வகுப்பே கூடத்தைப் பார்க்க வந்தது. கூட்டி வந்தது ஒரு பெங்காலி மிஸ். கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகளைவிட ஆவலாக இருந்தார். பிள்ளைகளின் பைகளை வாசலில் அடுக்கிவிட்டு, திரைக்கு முன்னால் நிறுத்தி வழக்கமான என் பேச்சைச் சொன்னேன். பயப்படாதீர்கள், மெஷின், யாரும் ஓடக்கூடாது. இவர்கள் எல்லாம் தீவுப் பிள்ளைகள், ஓடக்கூடியவர்கள் என்பதால் இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். என் மகள் முன்வரிசையில் நின்று, தன் அம்மா பேசுகிறாள் என்ற தோரணையில் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் உட்கார்ந்து பறவைகளைக் கூப்பிட்டார்கள். பிறகு எழுந்து கையை ஆட்டிப் புகை விட்டார்கள். கடைசியாக மிஸ் சைகை காட்ட, எல்லோரும் சேர்ந்து மிதித்தார்கள். மலை வெடித்தது. பலகை உறுமியது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். வெடித்து முடிந்தால் நெருப்பு ஆறி, கடல் நீலமாகி, உறுமல் மெதுவாக அடங்கும். அதுதான் ஒழுங்கு.

நெருப்பு ஆறியது. கடல் நீலமானது. உறுமல் அடங்கவில்லை.

மெஷின் கோளாறு என்றுதான் நினைத்தேன். பலகைக்கு அடியில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கும், சென்னைக்குப் போன் போடவேண்டும் என்று அலுத்துக்கொண்டேன். கண் தானாக நாற்காலிக்குப் போனது. பாட்டில் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. எந்தப் பிள்ளையோ குடித்துவிட்டிருந்தது. அப்போதுதான் என் காலைக் கவனித்தேன். நான் நின்றது பலகைமேல் இல்லை, டைல்ஸ்மேல். டைல்ஸ் நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கூடத்தில் சட்டங்களின் கண்ணாடிகள் சுவரில் தட்டிக்கொள்ளும் சத்தம் வந்தது.

 இவ்வளவு நாள் நடுங்கியதெல்லாம் ஒத்திகை.

"பாஹர்! பாஹர் நிக்லோ! அஸ்லி பூகம்ப் ஹை!" என்று கத்தினேன். வெளியே போங்கள், இது நிஜ பூகம்பம்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். மிஸ் என்னைப் பார்த்து, பிரமாதமாக அமைத்திருக்கிறீர்கள் என்பதுபோலக் கட்டைவிரலை உயர்த்தினார். பின்வரிசையில் யாரோ "ஔர் ஏக் பார்!" என்று கத்த, மறுபடியும் எல்லோரும் மிதிக்கத் தொடங்கினார்கள். மலை மறுபடி புகைந்தது. இனி எது மெஷின், எது பூமி என்று யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது. நான் கையைப் பிடித்து இழுத்த இரண்டு பிள்ளைகள், யாரும் ஓடக்கூடாது என்று என் வார்த்தையை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டார்கள். தரை ஆடினால் தூக்கத்திலும் ஓடுகிற பிள்ளைகள் அவர்கள். ஓடாதே என்று நான் சொல்லி, கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.  இதற்குமேல் கத்துவதற்கு எனக்குச் சொல் இல்லை.

வாசலோரம் மெயின் ஸ்விட்ச் இருந்தது. இழுத்துவிட்டேன்.

மலை போயிற்று. கடல் போயிற்று. உறுமல் சத்தம் போயிற்று. கும்மிருட்டு. அந்த இருட்டில், எந்தச் சத்தமும் இல்லாமல், தரை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நொடிதான். அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. யாரோ ஒரு குழந்தை "மா" என்றது. இருட்டில் பிள்ளைகளை அடைத்துவிட்டேனே, மோதிக்கொண்டு விழுவார்களே என்று அந்த நொடியில் செத்துப் பிழைத்தேன்.

மிஸ்ஸின் குரல்தான் காப்பாற்றியது. சற்றுமுன் சிரித்த குரலே இல்லை அது. "ட்ரில்! ஸிர் பே ஹாத்! லைன்!" எங்கள் பள்ளிகளில் எல்லாம் பூகம்ப ஒத்திகை நடக்கும். பையைத் தலையில் கவிழ்த்து, முன்னால் போகிறவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். பைகள் வெளியே இருந்தன. ஒரு கையைத் தலைமேல் வைத்து, மறு கையால் சட்டையைப் பிடித்து, ரயில்போல வந்தார்கள். நான் திரையைத் தூக்கிப் பிடித்து, கடந்துபோகும் ஒவ்வொரு தலையையும் தொட்டு வெளியே தள்ளினேன். மிஸ் கடைசியாக வந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. நான் தொட்ட தலைகளில் என் மகளின் தலை இல்லை.

வெளிச்சத்தில் வரிசையைப் பார்த்தேன். இல்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை.

என் கால்கள் வெளியேதான் திரும்பின. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. இத்தனை வருஷம் ஓடிப் பழகிய கால்கள், மேடு எந்தப் பக்கம் என்று தெரிந்த கால்கள். அவற்றைத் திருப்பி அந்த இருட்டுக்குள் கொண்டுபோவதற்குள் எனக்கு வேர்வையில் உடம்பெல்லாம் நனைந்துவிட்டது. கைப்பேசி விளக்கைப் போட்டேன். வெளிச்சத்தைச் சுவரெல்லாம் ஓடவிட்டுத் தேடினேன்.

மேடை நடுவில் உட்கார்ந்திருந்தாள். சம்மணமிட்டு, கைகள் மடியில், கண்கள் மூடி. பறவைகளுக்காக உட்காருவது போலவே. மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. நான் மேடையில் கால் வைத்தபோது ஆட்டம் நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா? நான் அசையவே இல்ல. நின்னுடுச்சு."

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எட்டு வயதுப் பெண்ணை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். அரசுக் குடியிருப்புகளிலிருந்து எல்லோரும் ரோட்டுக்கு வந்திருந்தார்கள். தலைக்குக் குளித்துத் துண்டோடு வந்தவர்கள், மிக்ஸி ஜாரோடு வந்தவர்கள். எல்லோர் கண்ணும் துறைமுகத்தின் மேல். தண்ணீர் உள்வாங்குகிறதா என்றுதான் பார்த்தோம். உள்வாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கைப்பேசிகளில் செய்தி வந்தது, ஆபத்தில்லை, அலை எச்சரிக்கை இல்லை. பெருமூச்சு விட்டார்கள், பேசிக்கொண்டார்கள், மிக்ஸி ஜார் வீட்டுக்குத் திரும்பியது.  இடுப்பில் இருந்த மகள், மிஸ்ஸைப் பார்த்து, தான்தான் நிறுத்தியதாக இந்தியில் சொன்னாள். மிஸ் அதைக் குழந்தைப் பேச்சாக எடுத்துக்கொண்டு கன்னத்தைத் தட்டினார். எனக்குத்தான் குளிர் எடுத்தது.

கூடத்தில் இரண்டு சட்டங்களின் கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தது, வேறு சேதமில்லை. சாயங்காலம் சென்னை இன்ஜினியர் போன் செய்தாள். பாவம், நிஜமாகவே பதறியிருந்தாள். இனி நிஜ ஆட்டம் வந்தால் மெஷின் தானே அணைந்து விளக்கு எரியும்படி செய்துவிடுகிறேன் அக்கா, அதற்கு வழி இருக்கிறது என்றாள். செய்யட்டும், நல்லதுதான். ஆனால் என் மகளுக்குள் அந்த அறை வந்துவிட்டதே, அதை எந்த ஸ்விட்சைத் தட்டி அணைப்பது என்று அவளிடம் எப்படிக் கேட்பது? சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

சாத்தம் ஜெட்டிக்கு வந்தோம். ஃபெரிகள் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட் தெரிந்தது. எல்லோரும் ஏறினார்கள். எனக்குக் கால் வரவில்லை. பின்னாலேயே இன்னொரு ஆட்டம் வந்தால் நடுத்தண்ணீரில் எங்கே ஓடுவது? ஒரு ஃபெரியை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாம்மா. நான் அசையாம உக்காந்துக்கிறேன். கடலும் சும்மா இருக்கும். அன்னிக்கு வீட்டுலயும் நான்தானே நிறுத்தினேன்."

அன்று சோற்றுத் தட்டின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது தைரியம் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவள் பயத்தை விடவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் தன் கையில் இருக்கிறது என்று நம்பிவிட்டாள். இனி எப்போது தரை ஆடினாலும், நான் இல்லாதபோதும், பள்ளியிலும், கடற்கரையிலும், இவள் ஓடமாட்டாள். உட்காருவாள். 

ஜெட்டி பெஞ்சில் அவளை உட்காரவைத்தேன்.

"நீ நிறுத்தல பாப்பா."

"நான் அசையாம இருந்தேன்ல, அப்பதானே நின்னுச்சு?"

"அது தானா நின்னுச்சு. நீ உக்காந்தாலும் நிக்கும், ஓடுனாலும் நிக்கும், நிக்காமலும் போகும். அந்த ரூம்ல இருக்கிறது மெஷினு. உன்ன பாக்குறதுக்கு மேல கேமரா வச்சிருக்காங்க. அதான் நீ சொன்னத கேக்குது. இந்தத் தரை உன்ன பாக்காது."

"உன்ன?"

"என்னையும் பாக்காது."

அவள் நம்பவில்லை. உதட்டைப் பிதுக்கினாள். நான் அவளிடம் இதுவரை சொல்லாததைச் சொன்னேன். சுனாமி வந்த அந்த டிசம்பர் காலையில், நான் அவளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருந்தபோது, அதோ அந்தக் கரையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தேன். தரை ஆடி முடிந்து, எல்லோரும் ஓடினார்கள். எனக்குக் காலே வரவில்லை. அசையாமல் நின்றேன். கொஞ்சம்கூட அசையவில்லை. தண்ணீர் வந்தது. முட்டி, தொடை, இடுப்பு. கோழிக்கூடு மிதந்து போயிற்று. அசையாமல் நிற்கிற பிள்ளை என்று அது என்னைச் சுற்றிப் போகவில்லை. என் அப்பா திரும்பி வந்து தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போனதால் உயிரோடு இருக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலம் இன்றைக்கும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. அது வயலாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. குளம் என்று நினைத்திருந்தாள்.

"அதனாலதான் நான் ஓடுறேன். எனக்குப் பயம் பாப்பா. இப்பவும் பயமா இருக்கு. இங்க பாரு."

என் கையை எடுத்து அவள் கையில் வைத்தேன். நாள் முழுக்கச் சிரிப்பை ஒட்டிவைத்து மறைத்த நடுக்கம் அதில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு எதிர்க்கரையைப் பார்த்தாள். பிறகு பெஞ்சுக்குக் கீழே, பலகை இடுக்கில் அசையும் தண்ணீரைப் பார்த்தாள். 

"அப்ப யாரு சொன்னா கேக்கும்?"

"யாரு சொன்னாலும் கேக்காது."

அவள் காலை மெதுவாகப் பெஞ்சின்மேல் இழுத்துக்கொண்டாள். என் பக்கம் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டாள். அவள் விரல்கள் என் முந்தானையைப் பிடித்துச் சுருட்டின. 

"அம்மா, ஆடுச்சுன்னா என்னையும் தூக்கிட்டு ஓடுவியா?"

"நீயும் ஓடணும்."

"ஓடுறேன்," என்றாள். குரல் உடைந்து அழத் தொடங்கினாள்.

என் மகள் பயந்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.